கடற்காற்றின் கொந்தளிப்பும் கட்டமைப்பு வடிவமைப்பும்: ஒரு சமூகவியல் நோக்கு

இயற்கை விஞ்ஞானத்தின் ஆய்வுப் பொருள்களுள் சமூகத்தோடு எவ்விதத் தொடர்பும் அற்றதாகத் தோன்றுவது காற்று. அதற்கு உடைமையாளர் இல்லை. அது எல்லைகளை மதிப்பதுமில்லை. ஆயினும் அக்காற்றினை எண்ணாகவும் சமன்பாடாகவும் மாற்றி, அவ்வெண்களை நம்பி நடுக்கடலில் உருக்குத் தூண்களை நாட்டி, அவற்றின்மீது மனிதரைக் குடியமர்த்தும்போது காற்றைப் பற்றிய அறிவு சமூகப் பொருளாகி விடுகின்றது. எக்காற்று அளக்கப்பட்டது, எங்கு அளக்கப்பட்டது, எவ்வளவு ஆபத்து ஏற்கத்தக்கதெனக் கொள்ளப்பட்டது என்னும் வினாக்கள் அப்பொழுது எழுகின்றன. கடற்காற்றின் கொந்தளிப்பைப் பொறியியலாளர் எவ்வாறு மாதிரிப்படுத்துகின்றனர் என்பதை விளக்கி, அம்மாதிரிகளுள் இயற்கையின் விதி எவ்வளவு, மனிதரின் தீர்மானம் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையியல் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டில் சோவியத் அறிஞர் பொறிஸ் ஹெஸன், நியூட்டனின் விஞ்ஞானம் கையாண்ட பிரச்சினைகள் கடற்போக்குவரத்து, சுரங்கத்தொழில், பீரங்கிப் போர் ஆகியவற்றின் தேவைகளோடு பிணைந்திருந்தமையை எடுத்துக்காட்டினார். அவ்வழியிலேயே நாமும் செல்கின்றோம். ஆனால் தேவை ஒரு வினாவை எழுப்பலாமேயன்றி, அதன் விடை உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிப்பதில்லை. இவ்வேறுபாட்டை மறந்தால் விஞ்ஞானத்தின் சமூகவியல் என்பது வெறும் வசைபாடலாக முடியும்.

1. பாலங்கள் கற்பித்த பாடம்

கடல் நீர்மேல் வீசும் காற்றினைப் பொறியியல் தீவிரமாகக் கருதத் தொடங்கியமை ஒரு பேரழிவின் பின்னரேயாகும். 1879 டிசம்பர் 28ஆம் திகதி இரவு, ஸ்கொத்லாந்தில் டே கழிமுகத்தின் குறுக்கே அமைந்திருந்த பாலத்தின் நடுப்பகுதி புயலில் வீழ்ந்தது. அப்போது அதன்மீது சென்றுகொண்டிருந்த புகையிரதத்தில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். பாலத்தை வடிவமைத்த தோமஸ் பௌச், காற்றின் விசைக்கெனத் தனியான ஒதுக்கீடு எதனையும் செய்திருக்கவில்லை. போத் கழிமுகத்தில் அவர் திட்டமிட்டிருந்த மற்றொரு பாலத்துக்காக அரச வானியலாளர் ஏயரியிடம் ஆலோசனை கேட்கப்பட்டபோது, அகன்ற பரப்பொன்றின்மீது சதுர அடிக்கு 10 இறாத்தல் அமுக்கத்தைக் கொண்டாற் போதுமானதென அவர் கூறியிருந்தார். அழிவின் பின்னர் பிரித்தானிய வர்த்தகச் சபை அவ்வெண்ணை 56 இறாத்தலாக உயர்த்தியது. ஒன்று பெரும் விஞ்ஞானியின் மதிப்பீடு. மற்றையது பேரழிவு கண்டோரின் எச்சரிக்கை. இரண்டுக்கும் அடிப்படையான அளவைகள் மிகச் சொற்பமே.

போத் பாலத்தின் பொறியியலாளர் பெஞ்சமின் பேக்கர் கட்டுமானத் தலத்திலேயே அளக்க முற்பட்டார். கழிமுகத்தின் நடுவிலுள்ள சிறுதீவில் 300 சதுர அடிப் பரப்புள்ள ஒரு பெரும் பலகையையும், ஒன்றரைச் சதுர அடிப் பரப்புள்ள சிறு பலகைகளையும் நிறுத்தி, அவற்றின்மீது காற்றுத் தரும் அமுக்கத்தைப் பதிவுசெய்தார். சதுர அடிக்குச் சிறு பலகை காட்டிய அமுக்கம் பெரும் பலகை காட்டியதைவிடத் தொடர்ந்தும் கூடுதலாகவே இருந்தது. காற்றின் வீச்சு ஒரே பரப்பில் ஒரே கணத்தில் ஒரே வலிமையோடு வருவதில்லை. அதற்கு ஓர் அளவும் ஒரு வடிவமும் உண்டு என்பது இதன் பொருளாகும். இன்று கணினிகள் கையாளும் கொந்தளிப்பு மாதிரிகள் அனைத்துக்கும் அடியில் அப்பலகைகள் உணர்த்திய இந்த உண்மையே உள்ளது எனலாம்.

2. சராசரியும் ஏற்றவிறக்கமும்

காற்றின் வேகத்தை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பதிவுசெய்தால், சராசரிப் பெறுமானம் ஒன்றையும், அதனைச் சுற்றி இடைவிடாது நிகழும் ஏற்றவிறக்கத்தையும் காணலாம். இவ்வேற்றவிறக்கத்தின் நியம விலகலைச் சராசரி வேகத்தால் வகுத்து வருவதைக் கொந்தளிப்புச் செறிவு என்பர். ஆனால் இவ்வொரு எண் போதாது. ஏற்றவிறக்கம் மெதுவானதா, விரைவானதா என்பதை அது கூறுவதில்லை. ஊஞ்சலை அதன் தாளத்தோடு இசைந்து தள்ளினால் அது உயர எழும். இசையாது தள்ளினால் அவ்விசை வீணாகும். கட்டமைப்புகளும் அவ்வாறே. எனவே காற்றின் சக்தி எந்த மீடிறனில் எவ்வளவு உள்ளது என்பதைத் தனித்தனியே காட்டும் வரைபு தேவையாகின்றது. இதுவே கொந்தளிப்பின் திருசியம் எனப்படும்.

1957இல் வன் டெர் ஹோவன், அமெரிக்காவின் புறூக்ஹேவனிற் பெற்ற அளவைகளிலிருந்து இத்தகைய வரைபொன்றை வெளியிட்டார். அதில் இரு சிகரங்கள் இருந்தன. வானிலை அமைப்புகள் கடந்து செல்வதால் ஏற்படுவது ஒன்று. அதன் காலம் ஏறத்தாழ நான்கு நாள்கள். கொந்தளிப்பால் ஏற்படுவது மற்றையது. அதன் காலம் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டுக்கும் இடையே, பத்து நிமிடம் முதல் ஓரிரு மணித்தியாலம் வரையிலான பகுதியில், சக்தி மிகக் குறைந்த பள்ளம் ஒன்று காணப்பட்டது. பத்து நிமிடச் சராசரி, ஒரு மணித்தியாலச் சராசரி என்று பொறியியலாளர் பேசுவதற்கு இப்பள்ளமே நியாயமாயிற்று. வானிலை அப்பக்கம், கொந்தளிப்பு இப்பக்கம் எனப் பிரிக்கலாம் என்பது கருத்து. ஆனால் கடல்மேற் பெறப்பட்ட பிற்கால அளவைகள் இப்பள்ளம் எப்போதும் வெறுமையாக இருப்பதில்லை எனக் காட்டின. இதன் விளைவைப் பின்னர் காண்போம்.

திருசியத்தின் உயர்மீடிறன் பகுதிக்கு ஆழமான விதி ஒன்று உண்டு. பெரும் சுழிகள் உடைந்து சிறு சுழிகளாகின்றன; அவை மேலும் உடைகின்றன; இறுதியில் காற்றின் பிசுக்குமை அவற்றின் சக்தியை வெப்பமாக்கி விடுகின்றது. போரை எதிர்த்த குவேக்கரும் வளிமண்டலவியலாளருமான லூயிஸ் றிச்சர்ட்சன் 1922இல் இச்சித்திரத்தை முன்வைத்தார். அதனைக் கணிதமாக்கியவர் சோவியத் அறிஞர் கொல்மொகோரோவ். 1941ஆம் ஆண்டு அவரும் ஒபுகோவும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இடைப்பட்ட அளவிலான சுழிகளில் சக்தியின் அடர்த்தி மீடிறனின் மூன்றிலைந்து மறையடுக்காகக் குறைகின்றது. அதாவது மீடிறன் இருமடங்காகும்போது அடர்த்தி ஏறத்தாழ மூன்றிலொன்றாகின்றது. வட கடலிலும் வங்காள விரிகுடாவிலும் இவ்விதி ஒன்றே. கொந்தளிப்பு மாதிரியின் இப்பகுதி எந்த வர்க்கத்துக்கும் எந்த நாட்டுக்கும் சார்பானதன்று. சார்பும் தெரிவும் நுழைவது இதற்கு வெளியேயுள்ள பகுதிகளிலேயே.

3. கடலின் தனித்தன்மை

நிலத்தின்மீது வீசும் காற்று மரங்களிலும் வீடுகளிலும் உராய்ந்து கொந்தளிக்கின்றது. இவ்வுராய்வைக் கரடுத்தன்மை நீளம் என்னும் அளவால் குறிப்பர். பயிர்நிலத்தில் அது சில சென்ரிமீற்றர். அமைதியான கடலிலோ ஒரு மில்லிமீற்றரிலும் மிகக் குறைவு. எனவே கடற்காற்று பொதுவாக விரைவானது, ஆனால் கொந்தளிப்புக் குறைந்தது.

இங்கு இயங்கியல் நோக்கில் மிகவும் கவனிக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. நிலத்தின் கரடு காற்று வருமுன்னரே இருப்பது. கடலின் கரடோ காற்றே உண்டாக்குவது. காற்று அலையை எழுப்புகின்றது; எழுந்த அலை காற்றைத் தடுக்கின்றது; தடையாற் காற்றின் கொந்தளிப்பு மாறுகின்றது. 1955இல் சார்னொக் இவ்வுறவைச் சுருக்கமான சூத்திரமாக்கினார். கடலின் கரடுத்தன்மை நீளம், மேற்பரப்பு உராய்வு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக அமையும் என்பது அது. கடற்காற்றின் கொந்தளிப்புச் செறிவு காற்று வலுக்கும்போது கூடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது தனித்தன்மை வெப்பம் பற்றியது. குளிர்ந்த காற்று வெப்பமான நீர்மீது வரும்போது அடியிலிருந்து சூடேறிப் பெரும் சுழிகள் எழும். வெப்பமான காற்று குளிர்ந்த நீர்மீது வரும்போது கொந்தளிப்பு அடங்கும். அப்போது மேலும் கீழும் உள்ள காற்றடுக்குகள் ஒன்றோடொன்று கலவாமல் வழுக்கிச் செல்லும். ஒரே வேகமுள்ள இரு காற்றுகள் ஒரே கட்டமைப்பை முற்றிலும் வெவ்வேறு விதமாகத் தாக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். மொனின், ஒபுகோவ் ஆகியோர் 1954இல் வகுத்த கோட்பாடு இவ்வேறுபாட்டை விளக்குகின்றது. ஆயினும் அது தரையையோ நீரையோ ஒட்டிய சில பத்து மீற்றர் முதல் நூறு மீற்றர் வரையிலான படைக்கே பொருந்தும். இன்றைய கடற் காற்றாலைகளின் சுழலி 200 மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுடையது. அதன் மேல்நுனி அக்கோட்பாட்டின் எல்லையைக் கடந்து விடுகின்றது.

4. எண்ணெயின் தேவையும் புறோயாவின் காற்றும்

வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்தில் கடற்றரையில் ஊன்றிய மேடைகளுக்குக் காற்று இரண்டாம் தரப் பிரச்சினையாகவே இருந்தது. முதன்மையான பகை அலை. அத்தகைய மேடைகளின் இயற்கை அலைவுக்காலம் சில செக்கன்களே. ஆழம் கூடியபோது கால்களை ஊன்றுவது இயலாததாயிற்று. மிதக்கும் மேடைகளும், செங்குத்தான இழுவடங்களாற் கட்டப்பட்ட மேடைகளும் தோன்றின. பின்னைய வகையில் முதலாவது, வட கடலின் ஹற்றன் எண்ணெய் வயலில் 1984இல் நிறுவப்பட்டது. அலைகளின் சக்தி பெரும்பாலும் 5 முதல் 20 செக்கன் வரையிலான காலங்களில் உள்ளது. ஆகவே அம்மேடைகளின் கிடையலைவுக் காலம் ஒரு நிமிடத்துக்கு மேலாக, சிலவற்றில் நூறு செக்கனுக்கு அண்மையாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் கொந்தளிப்பின் சக்தி செறிந்திருப்பது அந்நீண்ட காலப் பகுதியிலேயே. அலையிடமிருந்து தப்புவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே மேடையைக் காற்றிடம் ஒப்படைத்தது. ஒரு முரண்பாட்டின் தீர்வு மற்றொரு முரண்பாட்டைப் பிறப்பிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் பொறியியலிற் கிடைப்பது அரிது.

அதுவரை வழக்கிலிருந்த திருசியங்கள் நிலத்தின் காற்றிலிருந்து பெறப்பட்டவை. டேவன்போட் 1961இல் வெளியிட்டது நிலத்தின் வலுவான காற்றுகளை ஆதாரமாகக் கொண்டது. கைமாலும் பிறரும் 1972இல் வெளியிட்டது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் சமதள வயலொன்றில் 1968இல் நடத்திய பரிசோதனையின் பயன். நீண்ட காலங்களுக்குரிய சக்தியை இவை எவ்வளவு சரியாகத் தரும் என்னும் ஐயம் எழுந்தது. இந்நிலையிலேயே நோர்வேயின் அத்திலாந்திக் கரையிலுள்ள புறோயாத் தீவில் 100 மீற்றர் உயரக் கம்பங்களை நிறுத்தி, திறந்த கடலிலிருந்து வரும் காற்று அளக்கப்பட்டது. அண்டர்சன், லோவ்செத் ஆகியோர் அவ்வளவைகளிலிருந்து உருவாக்கிய மாதிரி முதலில் நோர்வேயின் எண்ணெய்த்துறை விதிகளிலும், பின்னர் சர்வதேச நியமங்களிலும் இடம்பெற்றது.

அம்மாதிரியை ஓர் உதாரணத்தாற் காண்போம். கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தில் ஒரு மணித்தியாலச் சராசரி வேகம் செக்கனுக்கு 25 மீற்றர் எனக் கொள்வோம். மாதிரியின்படி கொந்தளிப்புச் செறிவு ஏறத்தாழ 12.5 வீதம். 100 மீற்றர் உயரத்தில் சராசரி வேகம் ஏறத்தாழ 32 மீற்றர். 10 மீற்றர் உயரத்தில் மூன்று செக்கன் நீடிக்கும் வன்வீச்சின் வேகம் ஏறத்தாழ 34 மீற்றர். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், சராசரி தரும் விசையைப்போல் ஏறத்தாழ 1.85 மடங்கை அவ்வீச்சு தரும். சராசரியை மட்டும் அறிந்தவர் காற்றின் பாதியையே அறிந்தவர் ஆவர்.

5. இடமும் களைப்பும்

காலத்தில் மட்டுமன்றி இடத்திலும் காற்று வேறுபடும் என்பதைப் பேக்கரின் பலகைகள் காட்டின. இரு புள்ளிகளில் நிகழும் ஏற்றவிறக்கங்கள் எவ்வளவு ஒத்தியங்குகின்றன என்பதை, தூரமும் மீடிறனும் கூடக்கூட அடுக்குக்குறி முறையிற் குறையும் சார்பாக டேவன்போட் அமைத்தார். டென்மார்க்கின் ஜேக்கப் மன் 1994இல் வெளியிட்ட மாதிரி மேலும் ஒருபடி சென்றது. உயரத்தோடு வேகம் கூடுவதால் சுழிகள் நீண்டு சரிகின்றன என்பதிலிருந்து தொடங்கி, மூன்றே பரமானங்களால் காற்றின் முப்பரிமாண அமைப்பை அது தருகின்றது. கன்சாஸ் அளவைகளின் வழிவந்த திருசியமும் மன்னின் மாதிரியும் ஆகிய இரண்டையும் காற்றாலைகளுக்கான சர்வதேச நியமம் ஏற்கின்றது. ஆகவே நடுக்கடலில் நிற்கும் காற்றாலையொன்று கன்சாஸ் வயலொன்றின் காற்றைக் கருதிக் கணிக்கப்படுவது இன்றும் நியமத்துக்கு உட்பட்டதே.

சுழலும் அலகு ஒவ்வொரு சுற்றிலும் அதே சுழியை மீண்டும் வெட்டிச் செல்கின்றது. மெதுவான சுழியே அலகுக்கு விரைவான அடிகளாக மாறுகின்றது. இத்தகைய அடிகள் தனித்தனியே சிறியவை; கோடிக்கணக்கில் திரளும்போது உருக்கைக் களைப்படையச் செய்து வெடிக்க வைப்பவை. அளவின் மாற்றம் பண்பின் மாற்றமாகும் இடம் இது. அலெக்சாண்டர் கீலண்ட் என்னும் மிதக்கும் மேடையின் கதை இதற்குச் சான்றாகும். எக்கோபிஸ்க் எண்ணெய் வயலில் தொழிலாளரின் குடியிருப்பாகப் பயன்பட்டு வந்த அது, 1980 மார்ச் 27ஆம் திகதி கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். அன்றைய கடல் கொடியதேயாயினும் மேடை தாங்குமெனக் கணிக்கப்பட்ட எல்லைக்கு உட்பட்டதே. நீரடி ஒலிவாங்கியொன்றைப் பொருத்துவதற்காக இணைப்புக் குழாயொன்றில் இடப்பட்ட 6 மில்லிமீற்றர் வெல்டிங் ஒட்டில் தோன்றிய வெடிப்பு, அலைகளின் இடைவிடாத தாக்கத்தால் வளர்ந்து, குழாயை முறித்து, மேடையின் ஐந்து கால்களுள் ஒன்றை வீழ்த்தியது. அங்கு முதன்மையாக இயங்கியது காற்றன்று, அலையே. ஆயினும் அதன் பாடம் காற்றுக்கும் உரியது. உச்சப் புயலைத் தாங்கும் கட்டமைப்பு அன்றாடக் கொந்தளிப்பால் அழியலாம். ஆகவே பெரும் புயலை அளப்பது போதாது; சாதாரண நாள்களின் காற்றையும் பொறுமையோடு அளத்தல் வேண்டும்.

6. நியமத்துள் மறைந்திருக்கும் தீர்மானங்கள்

எண்ணெய் மேடைகளைப் பொதுவாக நூறாண்டுக்கு ஒருமுறை வரும் புயலுக்கும், காற்றாலைகளை ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வரும் புயலுக்கும் வடிவமைக்கின்றனர். ஐம்பதாண்டுப் புயல் என்பது ஐம்பது ஆண்டு கழிந்த பின்னரே வரும் புயலன்று. ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புள்ள புயலாகும். இருபத்தைந்து ஆண்டு வாழும் கட்டமைப்பு அதனை ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 40 வீதம். நூறாண்டுப் புயலாயின் ஏறத்தாழ 22 வீதம். இதன்மீது பாதுகாப்புக் குணகங்கள் சேர்க்கப்படுவதால் எதிர்கொள்ளல் என்பது வீழ்ச்சியைக் குறிப்பதில்லை. ஆனால் ஐம்பதா நூறா என்பதை எந்தத் திருசியமும் கூறுவதில்லை. புயலின்போது அங்கு மனிதர் இருப்பரா, அவரை முன்கூட்டியே அகற்ற இயலுமா, கூடுதல் உருக்கின் விலை என்ன என்பன கொண்டே அது முடிவாகின்றது. இது மனித உயிர் பற்றிய தீர்மானம். அட்டவணையொன்றின் இலக்கமாக அது வரும்போது தீர்மானமாகத் தோன்றாமல் இயற்கையாகத் தோன்றுகின்றது. மனித உறவொன்று பொருளின் பண்பாகக் காட்சியளிக்கும் இந்நிகழ்வை நாம் வேறு துறைகளிலும் நன்கு அறிவோம்.

இன்னொரு தீர்மானம் புவியியல் சார்ந்தது. காற்று வலுக்கும்தோறும் கடலின் கரடும் கூடிக்கொண்டே போகும் என்னும் அனுமானம் நெடுங்காலம் நிலவியது. சூறாவளிகளுக்குள் விமானத்திலிருந்து வீழ்த்தப்பட்ட கருவிகளின் பதிவுகளைக் கொண்டு பவலும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, சூறாவளி வேகத்தை எட்டியபின் கடலின் தடை மேலும் கூடாமல் நின்றுவிடுவதைக் காட்டியது. நுரையும் நீர்த்திவலையும் நிறைந்த அக்கடல் பண்பால் வேறுபட்ட ஒரு கடல். அயனமண்டலக் கடல்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். காற்றாலை நியமத்தின் முதல் மூன்று வகுப்புகளில் அதியுயர்ந்தது, பத்து நிமிடச் சராசரியாகச் செக்கனுக்கு 50 மீற்றர் என்னும் ஐம்பதாண்டுக் காற்றைக் கொண்டது. அயனமண்டலச் சூறாவளிக்கென 57 மீற்றர் கொண்ட தனி வகுப்பு சேர்க்கப்பட்டது 2019இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலேயே. சூறாவளி 2019இற் பிறந்ததன்று; அக்கடல்களில் முதலீடு செல்லத் தொடங்கிய பின்னரே அது நியமத்தின் கண்ணிற் பட்டது.

7. முடிவுரை

1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் 11 சிறு காற்றாலைகளோடு தொடங்கிய கடற் காற்றுமின் தொழில் இன்று பெருந்தொழிலாகி விட்டது. எண்ணெய்க்காக வளர்ந்த காற்றறிவு, எண்ணெய்க்கு மாற்றான சக்தியின் அடித்தளமாகியுள்ளது. இது முன்னேற்றமே, ஆனால் முரண்பாடற்ற முன்னேற்றமன்று. நோர்வேயின் ஹைவிண்ட் தம்பென் எனப்படும் 88 மெகாவாற்று மிதக்கும் காற்றாலைத் தொகுதி 2023இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அது மின்சாரம் வழங்குவது ஸ்னோர, குல்பக்ஸ் எண்ணெய் வயல்களின் மேடைகளுக்கேயாம். காற்று எண்ணெயை எடுக்க உதவுகின்றது. கருவி மாறினாலே உற்பத்தியின் நோக்கம் மாறிவிடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இலங்கையின் கடலும் இவ்வரலாற்றினுள் வந்து விட்டது. கடற் காற்றுமின் பற்றி இலங்கைக்கான திட்டவரைபொன்றை உலக வங்கி 2023இல் வெளியிட்டது. நம் கரையோர மீனவர் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றினைத் திசையாலும் பருவத்தாலும் பிரித்தறிந்து தொழில் செய்பவர். அது தலைமுறைகளின் உழைப்பாற் சேர்ந்த அறிவு. ஆனால் நூறு செக்கனில் நிகழும் ஏற்றவிறக்கத்தையும், இருநூறு மீற்றர் உயரத்தின் சுழியையும் அறிவதற்குக் கம்பமும் கருவியும் நீண்டகாலப் பதிவும் வேண்டும். ஆழம் குறைந்த வெப்பமான கடலும், ஆண்டுக்கு இருமுறை திசைமாறும் பருவக்காற்றும், 1964இலும் 1978இலும் வந்தவை போன்ற சூறாவளிகளும் கொண்ட பரப்பு இது. புறோயாவின் பரமானங்களும் கன்சாஸின் பரமானங்களும் இங்கு அப்படியே செல்லுபடியாகுமெனக் கொள்வதற்குப் பௌதிக ஆதாரம் இல்லை.

கொல்மொகோரோவின் விதியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அது மனித குலத்தின் பொதுச்சொத்து. அவ்விதியோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய உள்ளூர் அளவைகளோ, இங்கு அளந்தாலன்றிக் கிடைக்கா. ஜெர்மனி, பொர்க்கும் தீவுக்கு வடக்கே 2003இல் அரச நிதியைக் கொண்டு ஃபினோ-1 என்னும் ஆய்வுமேடையை நிறுவி, அதன் பதிவுகளை ஆய்வாளருக்குக் கிடைக்கச் செய்தது. அதற்கு மாறாக, முதலீட்டு நிறுவனங்கள் தாம் அளக்கும் காற்றை வணிக இரகசியமாகப் பேணுவதே பொது வழக்கம். இவ்விரு வழிகளுள் எது நம் கடலில் நடைமுறைக்கு வரப்போகின்றது என்பது பொறியியலாளர் மட்டும் முடிவுசெய்யும் விடயமன்று. அக்கடலில் வலை வீசுபவரும், நாளை அங்கு கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கப் போகும் தொழிலாளரும், பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானபீடங்களும் அதிற் பங்குகொள்ளுதல் வேண்டும். கடல்மீது வீசும் காற்றின் பதிவுகள் பொதுமக்களுக்குரிய அறிவாக, பொது நிறுவனமொன்றின் பொறுப்பில், இப்பொழுதே தொடங்கப்படல் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.